குப்ரிக் குளோரைடு: மயில்துத்தத்திலிருந்து பச்சைப் படிகம் வரை

வேலூர் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில், தாமிரமும் குளோரினும் சேர்ந்த குப்ரிக் குளோரைடு என்ற சேர்மம் பெரும்பாலும் உப்புப் பகுப்பாய்வுக்குரிய சிறு புட்டிகளில் ஒன்றாக மட்டுமே இருக்கிறது. மாணவர் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, சுடரில் காட்டி, பச்சை நிறம் கண்டு, தாமிரம் என்று எழுதிவிட்டு அடுத்த புட்டிக்குப் போய்விடுகிறார். தாமிர அயனியைச் சூழ்ந்து நிற்பதற்கு நீரும் குளோரைடும் ஒன்றோடொன்று போட்டியிடுவதை வெறும் கண்ணால் காட்டக்கூடிய சேர்மம் இது. அதை விலைக்கு வாங்கிப் பார்ப்பதைவிட, நம் கையாலேயே ஒருமுறை தயாரித்துப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும் என்பது இருபது ஆண்டுகளாக வேதியியல் கற்பித்துவரும் என்னுடைய உறுதியான கருத்து. ஆசிரியரின் நேரடிப் பார்வையில், ஆய்வகத்தில், இரண்டு நாட்களில் செய்து முடிக்கத்தக்க முறையைக் கீழே விளக்குகிறேன்.

தாமிரக் கம்பியை நேரடியாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் போதாதா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். போதாது. மின்வேதி வரிசையில் தாமிரம் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பதால், காற்றோ வேறு ஆக்சிஜனேற்றியோ துணைக்கு வராத வரை, அந்த அமிலம் தாமிரத்தைக் கரைப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் தாமிரத்தைக் கொண்டுள்ள ஒரு பொருளிலிருந்து தொடங்குவதே எளிது. அப்படிப்பட்ட பொருள் நம் ஊர் உரக்கடைகளிலேயே கிடைக்கிறது. பயிர்களின் பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை செய்ய உழவர்கள் வாங்கும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், அதுதான். முதலில் அதைத் தாமிரக் கார்பனேட்டாக வீழ்படியச் செய்து, அந்த வீழ்படிவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் நமக்கு வேண்டிய குளோரைடு கிடைக்கும்.

தேவையான பொருட்கள்

காப்பர் சல்பேட் படிகம் 25 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 12 கிராம், ஆய்வகத் தர அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 18 மில்லி லிட்டர், வாலை வடிநீர் இரண்டு லிட்டர் ஆகியவை வேண்டும். கழிவறை கழுவ விற்கப்படும் மஞ்சள் நிற அமிலத்தைப் பயன்படுத்த வேண்டாம். அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் அதில் கலந்துள்ள இரும்பினால் வருவது. உரக்கடை மயில்துத்தத்திலும் சிறிது இரும்பு இருக்கக்கூடும் என்பதால், சில துளிகள் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்த கொதிநீரில் அதைக் கரைத்து, சூடாகவே வடிகட்டி, ஆறவிட்டு ஒருமுறை மறுபடிகமாக்கிக்கொள்வது நல்லது.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதிக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் இந்த வேலைக்கு உதவா. பச்சைத் தோலைப் பதப்படுத்தும்போது உப்பிடுவது வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகளில் அந்தத் தோலை ஊறவைத்துக் கழுவிய நீரில் சோடியம் குளோரைடு மிகுந்திருக்கும். பாலாற்றுப் படுகை நெடுகிலும் நிலத்தடி நீர் உப்பாக மாறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆயினும் நம் தயாரிப்புக்குக் கேடு செய்வது அந்தக் குளோரைடு அன்று, ஏனெனில் கடைசியில் நாம் சேர்க்கப்போவதும் குளோரைடுதான். நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும், அதனுடன் வரும் சல்பேட்டும் வீழ்படிவில் ஒட்டிக்கொண்டு படிகத்தைக் கெடுப்பதால்தான் வடிநீரை வலியுறுத்துகிறேன்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும். தாமிர உப்புகள் யாவும் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சாகும். அமிலமோ கரைசலோ கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கார்பனேட்டை வீழ்படியச் செய்தல்

காப்பர் சல்பேட்டை 150 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான வடிநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சோடியம் கார்பனேட்டை 500 மில்லி லிட்டர் முகவையில் 100 மில்லி லிட்டர் வடிநீர் ஊற்றிக் கரைத்து, சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். இனி, நீலக் கரைசலைச் சோடாக் கரைசலுக்குள் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும்.

எதை எதற்குள் ஊற்றுவது என்பதை நான் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. பிழை என் கையில்தான் இருந்தது. நீலக் கரைசலுக்குள் சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். வீழ்படிவும் அழகாகவே வந்தது. ஆனால் எத்தனை முறை கழுவினாலும் சல்பேட் சோதனை இல்லையென்று சொல்ல மறுத்தது. காரணம் பின்னரே விளங்கியது. தாமிரம் மிகுந்து காரம் குறைந்திருக்கும் கரைசலில் முதலில் படிவது கார்பனேட் மட்டும் அன்று, காரச் சல்பேட்டும் (ஹைட்ராக்சைடும் சல்பேட்டும் இணைந்த தாமிர உப்பு) சேர்ந்தே படிகிறது. அந்தச் சல்பேட் படிவின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைப் போன்றதன்று; அது படிவின் கட்டமைப்பிலேயே ஒரு பகுதியாதலால் கழுவினால் போகாது. சோடாவிற்குள் நீலக் கரைசலை ஊற்றும்போது தொடக்கம் முதல் முடிவு வரை கலவை காரமாகவே இருப்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. கணக்குப்படி தேவைப்படுவது 10.6 கிராம் சோடாதான் என்றாலும் 12 கிராம் எடுக்கச் சொன்னதும் இதற்காகவே.

கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நுரைக்கும்; அவசரப்பட்டால் முகவை பொங்கி வழியும். முதலில் கொழகொழப்பான வெளிர்நீலப் படிவு தோன்றும். அதை அதே வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்திருந்தால் பச்சையாக மாறி, மணல் போல நொறுங்கலாகி, அடியில் நன்றாகப் படியும். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் படிவின் ஒரு பகுதி கருநிறத் தாமிர ஆக்சைடாக மாறத் தொடங்கும். அந்த ஆக்சைடும் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால் பொருள் வீணாகாது, எனினும் மிக நுண்ணிய துகள்களாக இருந்து வடிதாளை அடைத்துக்கொள்ளும். மேலே தெளிந்து நிற்கும் நீர் நிறமற்று, சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்க வேண்டும்.

தெளிந்த நீரை இறுத்துவிட்டு, 250 மில்லி லிட்டர் வடிநீர் ஊற்றிக் கலக்கி, படியவிட்டு, மீண்டும் இறுக்கவும். இதை ஐந்தாறு முறை செய்த பின், கழுவிய நீரில் சிறிது எடுத்து, சில துளிகள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பேரியம் குளோரைடு கரைசல் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். வெண்கலங்கல் வந்தால் இன்னும் கழுவ வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழப்பவரின் குளோரைடில், கடைசியில் நீல நிறச் சல்பேட் படிகங்களும் கலந்து முளைக்கும்.

அமிலத்தில் கரைத்துப் படிகமாக்குதல்

36 மில்லி லிட்டர் வடிநீரில் 18 மில்லி லிட்டர் அடர் அமிலத்தை மெல்ல ஊற்றி நீர்த்துக்கொள்ளுங்கள். அமிலத்திற்குள் நீரை ஊற்றக் கூடாது. கழுவிய ஈரப் படிவின் மீது இந்த அமிலத்தைச் சிறுகச் சிறுக விடும்போது மீண்டும் நுரைத்து, படிவு கரைந்து, ஆழ்ந்த பச்சைக் கரைசல் உருவாகும். படிவு முழுவதும் கரையும் வரை ஊற்றிவிடாமல், கடுகளவு எஞ்சியிருக்கும்போதே நிறுத்தி, சில நிமிடம் சூடாக்கவும். ஒளிந்திருக்கும் சிறிதளவு இரும்பு, எஞ்சிய கார்பனேட்டின் காரத்தன்மையால் பழுப்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து, வடிதாளிலேயே தங்கிவிடும். வடிகட்டிய கரைசலுடன் மிச்சமுள்ள நீர்த்த அமிலத்தில் ஒரு மில்லி லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். கரைசலை வற்றவைக்கும்போது தாமிரக் குளோரைடு நீருடன் வினைபுரிந்து, கரையாத காரக் குளோரைடாக மாறாமல் இந்தச் சிறு அமில மிகுதி காக்கும்.

பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, கொதிநீர் முகவையின் மேல் வைத்து, அதாவது நீராவித் தொட்டியில், வற்றவைக்க வேண்டும். நேரடிச் சுடரில் வைத்தால் கிண்ணத்தின் ஓரத்தில் காய்ந்த பகுதி முதலில் பழுப்பாகி, பின்னர் நீருடன் ஹைட்ரஜன் குளோரைடையும் இழந்து, திரும்பக் கரையாத பச்சைப் பொடியாகிவிடும். கரைசல் சுமார் 20 மில்லி லிட்டராகக் குறுகியதும், ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு ஆறவிடுங்கள். ஊசிகள் தோன்றினால் கிண்ணத்தை இறக்கலாம். மெதுவாக ஆறவிட்டு, பிறகு பனிக்கட்டி நீரில் வைத்தால், நீலம் கலந்த பச்சை நிறத்தில் ஊசி ஊசியாகப் படிகங்கள் நிறையும்.

இந்த உப்பு நீரில் மிக எளிதில் கரைவது. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர், நீரற்ற உப்பில் 70 கிராமுக்கும் மேல் கரைத்துக்கொள்ளும். சாராயத்திலும் கரையும். ஆகவே மற்ற உப்புகளைக் கழுவுவது போல இதைக் கழுவ முடியாது. வடிதாள்களுக்கு இடையில் வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். கணக்குப்படி 17 கிராம் வர வேண்டும். படிகம் பிரிந்தபின் எஞ்சும் தாய்க்கரைசலில் தங்குவது போக, என் மாணவர்களுக்கு 11 முதல் 13 கிராம் வரை கிடைத்திருக்கிறது. தாய்க்கரைசலைக் கொட்டிவிடாமல் மெல்லிய துணி கட்டி வெயிலில் வைத்தால், மெதுவாக வளர்ந்த, முதல் தொகுதியைவிட நீண்ட படிகங்கள் கிடைக்கும்.

காய்ந்த படிகத்தை எஃகுக் கரண்டியால் எடுக்காதீர்கள். ஈரம் இருந்தால் இரும்பு தாமிரத்தை வெளியேற்றி, கரண்டியின் மேல் செம்புப் பூச்சு படியும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டியே ஏற்றது.

பருவம் பார்த்துச் செய்க

இந்தத் தயாரிப்பில் வேலூர் வானிலையும் ஒரு பங்காளி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தாண்டினால் இந்தப் படிகம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேசை மேல் வைத்துவிட்டுச் சென்ற படிகம் மறுநாள் காலையில் பச்சைக் குட்டையாகக் கிடக்கும். மறுபுறம், 40 டிகிரியைத் தாண்டும் அக்கினி நட்சத்திர நாட்களின் உலர்ந்த பிற்பகலில் திறந்து வைத்தால், படிகநீரை இழந்து, பளபளப்பு மங்கி, மேற்புறம் பொடியாகும். தை, மாசி மாதங்களின் மிதமான பகற்பொழுதே இதற்கு மிகவும் உகந்தது என்பது என் அனுபவம். எந்தப் பருவமாயினும் காய்ந்தவுடன் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிட வேண்டும்.

பண்புகளைச் சோதித்தல்

படிகத்தின் ஒவ்வொரு தாமிர அயனிக்கும் மிக அருகில் இரண்டு குளோரைடுகளும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன; அண்டைப் பகுதிகளைச் சேர்ந்த இன்னும் இரண்டு குளோரைடுகள் சற்றுத் தொலைவில் நின்று பிணைக்கின்றன. அதாவது இந்தப் படிகத்தில் நீரும் குளோரைடும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. இனி அந்தச் சமநிலையை இரு பக்கமும் அசைத்துப் பார்க்கலாம்.

ஒரு கிராம் படிகத்தைச் சோதனைக்குழாயில் 2 மில்லி லிட்டர் நீரில் கரைத்தால் அடர்ந்த பச்சை நிறம் வரும். அதை 50 மில்லி லிட்டர் வரை நீர்த்தால் வெளிர்நீலமாகிவிடும். நீர் மூலக்கூறுகள் மட்டுமே சூழ்ந்த தாமிர அயனி நீல நிறமுடையது; நான்கு குளோரைடுகள் சூழ்ந்த அணைவு அயனி மஞ்சள் நிறமுடையது; இரண்டும் கலந்திருக்கும் கரைசல் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. நீலமான அந்தக் கரைசலில் கொஞ்சத்தை எடுத்து, சமையல் உப்பைக் கரையும் மட்டும் போடுங்கள். பச்சை மெல்லத் திரும்பும். அடர் அமிலம் சேர்த்தால் மஞ்சள்பச்சை வரை செல்லும். நீலமும் பச்சையும் கலந்த இடைநிலைக் கரைசலைச் சூடாக்கினால் பச்சையாகி, ஆறினால் நீலத்தை நோக்கித் திரும்பும். குளோரைடு உள்ளே நுழையும் வினை வெப்பத்தை ஏற்கும் வினை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பள்ளி ஆய்வகத்தில் அரிது. வேதிச் சமநிலைப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவதற்கு முன் இந்தக் குழாயை மாணவர் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

நீர்த்த கரைசலைத் தூரிகையால் தொட்டு வெள்ளைத்தாளில் எழுதி உலரவிட்டால் எழுத்து ஏறக்குறையத் தெரியாது. தாளைச் சூடான தட்டின் அருகே காட்டினால் நீர் நீங்கி, எழுத்து மஞ்சளாக எழும். அதன்மேல் வாயால் ஊதினால் மூச்சின் ஈரத்தை ஏற்று மீண்டும் மங்கும். இதே மாற்றத்தை எடையிலும் காணலாம். துல்லியமாக எடைபோட்ட ஒரு கிராம் படிகத்தைச் சுமார் 110 டிகிரி அடுப்பில், எடை மாறாத நிலை வரும் வரை வைத்தால், அது மஞ்சள் கலந்த பழுப்பாகி, 0.21 கிராம் குறைய வேண்டும். இரண்டு மூலக்கூறு படிகநீரின் பங்கு 21.1 விழுக்காடு என்பதால், உங்கள் தயாரிப்பு எவ்வளவு தூயது, எவ்வளவு ஈரமற்றது என்பதை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும். இதற்கு மேல் கடுமையாகச் சூடாக்கக் கூடாது. நீரற்ற உப்பு உயர் வெப்பநிலையில் குளோரின் வாயுவை வெளியிட்டுக் குப்ரஸ் குளோரைடாகச் சிதையும்.

அலுமினியத்துடன் செய்யும் சோதனை மாணவர்களை மிகவும் கவர்வது. 20 மில்லி லிட்டர் நீரில் ஒன்றரை கிராம் படிகத்தைக் கரைத்து, உணவு சுற்றும் அலுமினியத் தாளில் விரல் நீளத் துண்டைப் போட்டால், சில நொடிகளில் கரைசல் சூடேறி, குமிழ்கள் எழுந்து, தாள் கரைந்து, செந்நிறத் தாமிரம் பஞ்சு போலப் படியும். அதே செறிவுள்ள காப்பர் சல்பேட் கரைசலிலோ அலுமினியம் நீண்ட நேரம் அசைவின்றிக் கிடக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே தாமிர அயனி. அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தைத் துளைப்பது குளோரைடு. சல்பேட் கரைசலில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் அங்கும் வினை தொடங்கிவிடுவதைக் காட்டினால் வேறு விளக்கமே தேவைப்படாது. வெளிவரும் குமிழில் ஹைட்ரஜன் இருப்பதால், அருகில் சுடர் இருக்கக் கூடாது. அகன்ற முகவையையே பயன்படுத்த வேண்டும்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அம்மோனியாக் கரைசலைச் சிறிதளவு சேர்த்தால் வெளிர்நீலப் படிவும், மிகுதியாகச் சேர்த்தால் அது கரைந்து கருநீலமும் வரும். அப்போது பழுப்புத் துணுக்குகள் மிதந்தால் இரும்பு நீங்கவில்லை என்று பொருள். சில்வர் நைட்ரேட்டுடன் தயிர் போன்ற வெண்படிவு கிடைக்கும். பொட்டாசியம் அயோடைடுடன் அயோடின் விடுபட்டுக் கரைசல் பழுப்பாகும். அந்தப் பழுப்புக்கு அடியில் படிவது வெண்ணிறக் குப்ரஸ் அயோடைடு.

சுடரில் இது காட்டும் நீலப்பச்சை, சல்பேட் காட்டும் பச்சையைவிட வலிமையானது, ஏனெனில் ஆவியாகும் தாமிரக் குளோரைடு மூலக்கூறுகளே அந்த ஒளியைத் தருகின்றன. 1872இல் வேதியியலாளர் பெய்ல்ஸ்டைன் கண்டறிந்த ஹாலஜன் (குளோரின், புரோமின் போன்ற தனிமங்கள்) சோதனையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. சூடான தாமிரக் கம்பியில் குளோரின் உள்ள கரிமப் பொருளைத் தொட்டுச் சுடரில் காட்டினால் பச்சை தோன்றும். தீபாவளி வாணத்தில் நீல நிறம் தருவதும் சுடருக்குள் உருவாகும் இத்தகைய தாமிரக் குளோரைடுதான். தொழிற்சாலைகளிலும் இதற்கு நெடிய வரலாறு உண்டு: ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து காற்றின் உதவியால் குளோரின் எடுக்க 1868இல் ஹென்றி டீக்கன் அறிமுகப்படுத்திய முறைக்கு வினையூக்கி இதுவே. இன்று பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளை எத்திலீனிலிருந்து தயாரிக்கும் வினையிலும், மின்சுற்றுப் பலகைகளிலிருந்து வேண்டாத தாமிரத்தைக் கரைத்தெடுப்பதிலும் இது பயன்படுகிறது.

எஞ்சியவற்றை என்ன செய்வது

தாமிர அயனி மிகச் சிறிய அளவிலேயே மீன்களுக்கும் நீர்வாழ் பாசிகளுக்கும் கேடு விளைவிக்கும். தோல் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. அத்தகைய மண்ணில் இருக்கும் ஓர் ஆய்வகத்திலிருந்து ஒரு குவளைத் தாமிரக் கரைசல்கூடச் சாக்கடையில் இறங்குவதை என்னால் ஏற்க முடியாது.

நிறம் பார்த்த கரைசல்கள், கழுவிய நீர்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் சேர்த்து, அமிலம் முறிந்து நுரை அடங்கும் வரை சோடாக் கரைசல் ஊற்றி ஓரிரவு விட்டுவிடுங்கள். அம்மோனியா சேர்த்த கரைசலை மட்டும் தனியே வைக்க வேண்டும். அம்மோனியா பிடித்துக்கொண்டுள்ள தாமிரம் சோடாவுக்குப் படியாது. அதை நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கி, உண்டாகும் நீலப் படிவை வடித்துத் தனிக் கழிவாகச் சேமிக்கவும். அலுமினியம், பேரியம், வெள்ளி, அயோடைடு கலந்தவற்றையும் வெவ்வேறு புட்டிகளில் வைத்து, ஆய்வகக் கழிவாக முறைப்படி ஒப்படைக்க வேண்டும். வாளியின் அடியில் மறுநாள் படிந்திருக்கும் பச்சைப் பொருள் நாம் முதலில் வீழ்படியச் செய்த அதே தாமிரக் கார்பனேட். மேலே நிற்கும் நீரில் ஒரு துளி அம்மோனியா விட்டு நீலம் தோன்றவில்லை என்று உறுதிசெய்த பின், அதை இறுத்துவிட்டு, படிவை முன்போலவே சல்பேட் நீங்கக் கழுவி உலர்த்திப் புட்டியில் அடைத்துவைக்கிறேன்; அடுத்த வகுப்பினருக்கு மயில்துத்தத்திற்குப் பதிலாக நான் எடுத்துக்கொடுப்பது அந்தப் புட்டியைத்தான்.